ஓட்டுக்குள் ஒரு சாட்சி – 4: வழி தெரிந்த அந்நியன்

சென்ற இதழை ஒரு கணக்கில் நிறுத்தியிருந்தேன். 1970-ல் ஐசையா ஃபிட்லர் என்ற அமெரிக்க ஆய்வாளர் மெலனோமா என்ற தோல் புற்றின் செல்களுக்குக் கதிரியக்கக் குறியிட்டுச் சுண்டெலியின் ரத்தக்குழாயில் செலுத்தினார். மறுநாள் எண்ணினால் நூற்றில் ஒன்றுகூட உயிரோடு இல்லை. கடைசியில் கட்டியாக முளைக்கும்வரை தாக்குப்பிடித்தவை ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. மீதி எங்கே போயின? ரத்த ஓட்டத்தில் நசுங்கினவா? வெள்ளையணுக்களிடம் மாட்டினவா? குழாயைத் தாண்டி வெளியேறத் தெரியாமல் உள்ளேயே மடிந்தனவா? எலியை அறுத்தால் எத்தனை செத்தன என்று எண்ணலாம். எப்போது, எந்த இடத்தில் செத்தன என்று பார்க்க முடியாது.

பார்ப்பதற்கு ஒரு ஜன்னல் தேவைப்பட்டது. அது 1911-லேயே திறக்கப்பட்டுவிட்டது. திறந்த இருவரும் மெலனோமாவைத் தேடிப் போனவர்கள் அல்லர்; அவர்கள் கையில் இருந்தது ஒரு கோழியின் கட்டி.

நியூயார்க், ராக்ஃபெல்லர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். பேட்டன் ரவுஸுக்கு முப்பது வயது. 1909-ல் பிளிமத் ராக் ரகக் கோழி ஒன்று அவரிடம் வந்து சேர்ந்தது. நெஞ்சில் பெரிய கட்டி. அதில் ஒரு துணுக்கை வெட்டி அதே இனத்தைச் சேர்ந்த வேறு கோழிகளுக்கு வைத்தார், வளர்ந்தது. பிறகு கட்டியை அரைத்து, ஒரு செல்லோ பாக்டீரியாவோ நுழைய முடியாத வடிகட்டியில் வடித்து, வெறும் சாற்றை ஊசியில் ஏற்றினார். அதிலிருந்தும் புற்று முளைத்தது. சாற்றில் இருந்தது வைரஸ். புற்றுநோய் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றாது என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்த மருத்துவ உலகம் அவரை நம்ப மறுத்தது. நம்பி நோபல் பரிசு கொடுத்தபோது ஆண்டு 1966, ரவுஸுக்கு வயது 87. இந்தக் கதையைப் பலரும் எழுதிவிட்டார்கள். நமக்கு வேண்டியது அதே 1911-ல் அவரும் ஜேம்ஸ் மர்ஃபி என்ற இளைஞரும் சேர்ந்து எழுதிய, அதிகம் பேர் புரட்டாத இன்னொரு கட்டுரை.

அடையில் இருக்கும் முட்டையின் ஓட்டில் ஒரு சிறு துளை போட்டார்கள். உள்ளே கரு சிதையக்கூடாது. துளை வழியே கட்டியின் துணுக்கை வைத்து, துளையை மூடி, முட்டையை மறுபடி சூட்டுப்பெட்டியில் வைத்தார்கள். துணுக்கு ஒட்டிக்கொண்டது. கருவின் ரத்தக்குழாய்கள் அதற்குள் கிளை விட்டன. கட்டி தழைத்தது.

கோழி வளர்த்த வீட்டில் இருந்தவர்களுக்கு இதில் பாதி தெரிந்த சங்கதி. அடைமுட்டையை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தால் ஒரு வாரத்தில் சிவப்பு நரம்புகள் படர்ந்திருக்கும், படராவிட்டால் கூமுட்டை. ஓட்டையொட்டி உட்புறம் விரியும் மெல்லிய சவ்வொன்றில்தான் அந்த நரம்புகள் ஓடுகின்றன. குஞ்சின் நுரையீரல் வேலையைத் தொடங்கும்வரை அதற்காக மூச்சுவிடுவது இந்தச் சவ்வு. ஓட்டின் நுண்துளைகள் வழியே ஆக்ஸிஜனை வாங்குகிறது, கரியமில வாயுவை வெளியே தள்ளுகிறது, ஓட்டிலிருந்து சுண்ணாம்பை எடுத்து எலும்புக்கு அனுப்புகிறது. உயிரியல் நூல்களில் இதற்கு வாயில் நுழையாத பெயர். இந்தத் தொடரில் மூச்சுச் சவ்வு என்றே சொல்வோம். இப்படி ரத்தக்குழாய்கள் நெருக்கமாக, மேலாக, கண்ணுக்கு எதிரே பரந்து கிடக்கும் உறுப்பு வேறு எந்த ஆய்வுக்கூட விலங்கிலும் எளிதில் கிடைக்காது.

ரவுஸ் வைரஸின் பின்னால் போய்விட்டார். மர்ஃபி முட்டையை விடவில்லை. கோழிக் கட்டி கோழி முட்டையில் வளர்ந்ததில் ஆச்சரியமில்லை. எலியின் கட்டி வளருமா?

எலிக் கட்டியை வளர்ந்த கோழியின் உடம்பில் வைத்தால் சில நாட்களில் கரைந்து மறையும். முட்டைக்குள் வைத்தபோது கரையவில்லை. ஒரு முட்டையில் வளர்ந்ததை வெட்டி அடுத்த முட்டைக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று மர்ஃபி மாற்றிக்கொண்டே போனார். பறவையின் முட்டைக்குள் பாலூட்டியின் புற்று செழித்தது. ஆனால் ஓர் எல்லை வரைதான். குஞ்சு பொரிக்க 21 நாள். 18-ம் நாளையொட்டி என்ன நடந்ததோ, கட்டி வாடத் தொடங்கியது. வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் அதைச் சுற்றிச் சின்னஞ்சிறு உருண்டைச் செல்கள் மொய்த்திருந்தன. லிம்போசைட்டுகள் என்ற வெள்ளையணுக்கள்.

மொய்த்ததால் கட்டி அழிந்ததா, கட்டி அழிந்ததால் மொய்த்தனவா? இதைப் பிரித்துக் காட்ட மர்ஃபி செய்த சோதனைதான் அழகு. எலிக் கட்டி வளர்ந்துகொண்டிருக்கும் இளங்கருவில், வளர்ந்த கோழியின் மண்ணீரல் துணுக்கு ஒன்றையும் வைத்தார். 18-ம் நாள்வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. அறியாப் பருவத்துக் கரு திடீரென்று அந்நியனை விரட்டத் தெரிந்துகொண்டது. எலும்பு மஜ்ஜையை வைத்தாலும் அதே விளைவு. மற்ற உறுப்புகளின் துணுக்குகளால் ஒன்றும் ஆகவில்லை.

இது 1914. உடம்பு தனதல்லாததை அடையாளம் கண்டு அழிப்பதில் லிம்போசைட்டுக்குப் பங்கு உண்டு என்று ஒருவர் முட்டையை வைத்தே காட்டிவிட்டார். அந்தச் செல்லின் மகிமையை உலகம் ஏற்றுக்கொள்ள, 1950-களின் இறுதியில் ஆக்ஸ்ஃபோர்டில் ஜேம்ஸ் கோவன்ஸ் வர வேண்டியிருந்தது. மர்ஃபி 1950-லேயே காலமானார். ரவுஸின் பெயர் பாடப்புத்தகத்தில் இருக்கிறது, மர்ஃபியின் பெயர் அடிக்குறிப்பில். எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

போகட்டும். அவர் விட்டுச்சென்ற சொத்து பெரிது. ஏறக்குறைய 18 நாள்வரை யாரையும் வெளியே போ என்று சொல்லத் தெரியாத ஓர் உயிர். எலியின் செல் வந்தாலும் இடம் கொடுக்கும், மனிதனின் செல் வந்தாலும் இடம் கொடுக்கும். விலை, ஒரு முட்டையின் விலை.

1931-ல் டென்னஸி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் எர்னஸ்ட் குட்பாஸ்சரும் ஆலிஸ் வுட்ரஃபும் அதே சவ்வில் கோழியம்மை வைரஸை வளர்த்தார்கள். அதன்பின் முட்டை தடுப்பூசிக்காரர்களின் சொத்தாகிவிட்டது. இன்றும் ஃப்ளூ தடுப்பூசியில் பெரும்பங்கு முட்டையில்தான் தயாராகிறது. புற்றுநோய்க்காரர்கள் பெரும்பாலும் எலிக்குப் போய்விட்டார்கள். ஜன்னல் திறந்தே கிடந்தது.

*

லண்டன் நகரம், தேம்ஸ் நதிக்கரை. இங்கிலாந்து என்று நினைத்தால் தப்பு. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஒரு லண்டன் இருக்கிறது; அதற்குள் ஒரு தேம்ஸும் ஓடுகிறது. அங்கே ஆன் சேம்பர்ஸ் என்ற புற்றுநோய் ஆய்வாளரும், நுண்ணிய ரத்தக்குழாய்களைப் படம்பிடிப்பதில் கைதேர்ந்த ஆலன் குரூம், இயன் மெக்டொனால்ட் இருவரும் சேர்ந்தார்கள். நுண்ணோக்கியோடு வீடியோ கேமராவை இணைத்து, உயிரோடிருக்கும் உறுப்புக்குள் ரத்தம் ஓடுவதை அப்படியே பார்ப்பது அவர்கள் முறை.

புற்று பரவுவதைப் பற்றி அப்போது எல்லோரும் நம்பியது இதுதான்: தாய்க்கட்டியிலிருந்து கழன்று ரத்தத்தில் விழும் செல்களில் பெரும்பாலானவை ரத்தத்துக்குள்ளேயே அழிகின்றன. குழாய்ச் சுவரைத் துளைத்து வெளியேறும் வித்தை தெரிந்த கொடிய சில செல்கள் மட்டும் தப்பிக்கின்றன. ஆக, அந்த வித்தையைத் தடுக்கும் மருந்தைக் கண்டுபிடித்தால் போதும். ஃபிட்லரின் கணக்கும் இதற்கு ஒத்துப்போவதாகத்தான் தோன்றியது.

சேம்பர்ஸ் குழு ஃபிட்லர் பயன்படுத்திய அதே பி16 மெலனோமாவை எடுத்தது. 1954-ல் ஒரு கறுப்புச் சுண்டெலியிடம் தானாக முளைத்த கட்டியின் வம்சம் அது. எலி செத்து எத்தனையோ வருடமாகியும் அதன் புற்று உலகமெங்கும் ஆய்வுக்கூடங்களில் வாழ்ந்துகொண்டிருக்கிறது. அந்தச் செல்களுக்குள் ஒளிரும் நுண்மணிகளை ஏற்றி, கோழிக் கருவின் மூச்சுச் சவ்வில் ஓடும் ரத்தக்குழாயில் செலுத்திவிட்டுத் திரையைப் பார்த்தார்கள்.

செல் ரத்தத்தோடு அடித்துக்கொண்டு வருகிறது. தந்துகி தன்னைவிடக் குறுகலாக இருக்கிறது, மாட்டிக்கொள்கிறது. நசுங்கிச் சாகும் என்பதுதான் எதிர்பார்ப்பு. சாகவில்லை. நீண்டு, இளைத்து, தன்னை அந்தக் குழாயின் அளவுக்கு ஆக்கிக்கொள்கிறது. பிறகு மெல்ல மெல்லச் சுவர் வழியே நழுவி வெளியே வருகிறது. 24 மணி நேரம் கழித்துக் கணக்கெடுத்தார்கள். நூற்றில் 80-க்கும் மேல் உயிரோடு குழாயை விட்டு வெளியேறியிருந்தன.

1995-ல் வந்த இந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே அந்த எண்ணைப் போட்டுவிட்டார்கள். சாவு ரத்தத்துக்குள் நடக்கிறது என்று இருபத்தைந்து வருடமாக நம்பியவர்களுக்கு அதைவிடப் பெரிய எழுத்தில் சொல்ல வழியில்லை.

மறு வருடம் இன்னொரு அடி. புற்றுத்தன்மை ஏற்றிய செல்களையும் அதே வகையைச் சேர்ந்த சாதாரணச் செல்களையும் தனித்தனியாக அதே சவ்வில் விட்டார்கள். இரண்டும் ஒரே திறமையோடு வெளியேறின. வெளியேறும் வித்தை கொடியவர்களுக்கு மட்டுமே தெரிந்த ரகசியம் என்ற கதை அத்தோடு ஆட்டம் கண்டது.

கோழிச் சவ்வு வேறு, எலியின் உறுப்பு வேறு என்று ஆட்சேபிக்கலாம், நியாயமான ஆட்சேபம்தான். 1998-ல் அதே குழு எலிக்குத் திரும்பி, மெலனோமா செல்களைக் கல்லீரலுக்குப் போகும் ரத்தத்தில் விட்டுப் பார்த்தது. அங்கேயும் ஏறக்குறைய 80 விழுக்காடு பிழைத்து வெளியேறின. ஆனால் வெளியேறியவற்றில் சுமார் 40-க்கு ஒன்றுதான் பெருகி நுண்கட்டியானது. நுண்கட்டிகளிலும் நூற்றுக்கு ஒன்றுதான் தொடர்ந்து வளர்ந்தது. மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட செல்கள் 13 நாள் கழித்தும் சாகாமல், பெருகாமல், தனியாகச் சும்மா உட்கார்ந்திருந்தன.

சும்மா உட்கார்ந்திருந்தன என்பதை நான் ஒருமுறைக்கு இருமுறை வாசித்தேன். கட்டியை அறுத்து எடுத்து, எல்லாம் சரியாகிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பிய நோயாளிக்குப் பத்து வருடம் கழித்து ஈரலில் ஏன் மெலனோமா வருகிறது என்பதற்கு அந்த வரியில் ஒரு துப்பு இருக்கிறது.

ஃபிட்லரின் மொத்தக் கணக்கு தப்பில்லை. சாவு நடக்கும் இடத்தைத்தான் எல்லோரும் தவறாக ஊகித்திருந்தார்கள். பயணம் கடினமில்லை. போய்ச் சேர்ந்த இடத்தில் குடியேறுவதுதான் கடினம். 1889-லேயே ஸ்டீஃபன் பேஜெட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் 735 மார்பகப் புற்று மரணங்களை அலசி, விதை எங்கும் விழுந்தாலும் ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்று சொல்லியிருந்தார். ஆனால் அவர் மண் என்றது, முளைக்க அனுமதிக்கும் அல்லது மறுக்கும் ஒன்றை. அதற்கும் மேலே ஒரு கேள்வி இருக்கிறது. மண் நினைத்தால் விதையின் குணத்தையே மாற்ற முடியுமா?

*

முடியும் என்பதற்கான முதல் உறுத்தல் ரவுஸின் வைரஸிடமிருந்தே வந்தது. 1984, கலிஃபோர்னியாவின் பெர்க்லி. மினா பிஸ்ஸெலும் டேவிட் டோல்பெர்கும் அந்த வைரஸை நான்கு நாள் வயதான கோழிக் கருவின் இறக்கை முளைக்கும் மொட்டில் செலுத்தினார்கள். பொரித்த குஞ்சுக்கு ஏற்றினால் பயங்கரமான கட்டி வரும். கருவில் வரவில்லை. வைரஸ் உள்ளே நுழையவில்லையோ என்று பார்த்தால், நுழைந்திருந்தது. அதன் புற்று மரபணு வேலையும் செய்துகொண்டிருந்தது. அதே இறக்கைச் செல்களைப் பிரித்துக் கண்ணாடித் தட்டில் போட்டதும் அவை புற்றுச் செல்களாக மாறின. கருவின் திசுவுக்குள் ஒழுங்காக இருந்தவை, அதிலிருந்து பிரிந்ததும் ரௌடியாகிவிட்டன.

ரவுஸும் மர்ஃபியும் வைத்த துணுக்கு அதே கோழி முட்டையில் வளர்ந்ததே என்று கேட்பீர்கள். அது ஏற்கெனவே முற்றிய கட்டி. இது இப்போதுதான் தொற்றிய செல். அது வேறு இடம், இது இன்னும் இளைய திசு. இந்த வேறுபாட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், சீக்கிரமே தேவைப்படும்.

இப்போது மெலனோமாவுக்கு வருவோம். தோலில் வரும் புற்றுகளில் எண்ணிக்கையில் குறைந்தது, கொல்வதில் முந்தியது. இதன் அவசரத்தை ஓர் அளவு சொல்லும். 1970-ல் அலெக்ஸாண்டர் பிரெஸ்லோ என்ற நோய்க்குறியியலாளர் வெட்டியெடுத்த மெலனோமாக்களின் தடிமனை அளந்தார். 0.76 மில்லிமீட்டருக்குக் குறைந்தவை பரவவில்லை. சில மில்லிமீட்டர் ஆகிவிட்டாலோ நிலைமை தலைகீழ். விரல்நகத்தின் தடிமனில் வாழ்வும் சாவும் தீர்மானமாகிறது. வெயிலில் சிவக்கும் வெள்ளைத் தோல்காரர்களின் நோய் என்று நாம் நிம்மதியாக இருப்பதும் முழுக்கச் சரியில்லை. நம் போன்ற கறுப்பு, மாநிறத் தோலில் இது அரிது. வந்தால் உள்ளங்கால், விரல், நகத்தடி என்று வெயிலே படாத இடங்களில் வருவதுண்டு. 36 வயதில் இறந்த பாடகர் பாப் மார்லிக்குக் கால் கட்டைவிரலில் தொடங்கியது.

ஒரு மில்லிமீட்டர் கட்டிக்கு ஊர் சுற்றும் புத்தி எங்கிருந்து வந்தது? பிறப்பிலேயே இருந்தது.

கோழிக் கருவின் இரண்டாம் நாள். முதுகுப் பக்கம் ஒரு தகடு மடிந்து குழாயாகிறது. அதுவே பின்னாளில் மூளையும் தண்டுவடமும் ஆகும். குழாய் மூடும் விளிம்பில் பிறக்கும் செல்கள் பிறந்த இடத்தில் தங்குவதில்லை. கூட்டைவிட்டுக் கழன்று, குறிப்பிட்ட தடங்கள் வழியே கரு முழுவதும் நடக்கின்றன. முகத்தின் எலும்பும் குருத்தெலும்பும் ஆகின்றன, நரம்பு முடிச்சுகள் ஆகின்றன, தோலுக்குப் போய் நிறமிச் செல்கள் ஆகின்றன. நம் ஒவ்வொருவர் தோலின் நிறமும் முதுகிலிருந்து நடந்து வந்தது. 1868-ல் பாசல் நகரில் வில்ஹெல்ம் ஹிஸ் விளிம்பில் பிறக்கும் இந்தச் செல் திரளைக் கோழிக் கருவில் முதலில் கண்டார். நரம்பு முகடு என்பது இதன் பெயர்.

அந்த நடையைக் கண்ணால் பின்தொடரக் கொடுத்துவைத்தவர் பிரான்ஸின் நிகோல் லெ துவாரின். 1969-ல் அவர் கவனித்தது சிறிய விஷயம்: சாயமேற்றிப் பார்த்தால் காடையின் செல் உட்கருவில் அடர்ந்த ஒரு புள்ளி தெரியும், கோழியின் செல்லில் தெரியாது. கோழிக் கருவின் நரம்புக் குழாயில் ஒரு துண்டை எடுத்துவிட்டுக் காடையின் துண்டைப் பொருத்தினார். அந்தத் துண்டிலிருந்து எந்தச் செல் கிளம்பினாலும் புள்ளி காட்டிக்கொடுத்துவிடும். வெள்ளைக் கோழிக்குச் செய்தபோது புள்ளியைத் தேடவேண்டிய அவசியமே இருக்கவில்லை. துண்டு பொருத்திய மட்டத்தில் குஞ்சின் உடம்பைச் சுற்றிக் காடையின் நிறத்தில் இறகு முளைத்தது.

பிறந்த இடத்தைவிட்டுக் கழல்வது, திசுக்களுக்கிடையே நுழைந்து போவது, தூரத்தில் போய்க் குடியேறுவது. நரம்பு முகட்டுச் செல் செய்வதும் பரவும் மெலனோமா செய்வதும் வரிக்கு வரி ஒன்று. முன்னது தன் வேலையை முடித்து, தோலில் அடங்கி, நிறமி தயாரித்துக்கொண்டு ஆயுளைக் கழிக்கும். பின்னது அடங்கிய பிறகு மறுபடி கிளம்பியது.

அப்படியானால் கிளம்பியதைப் பிடித்து, அதன் மூதாதை புறப்பட்ட அதே வாசலில் கொண்டுபோய் நிறுத்தினால்?

*

முதலில் செய்து பார்த்தவர்கள் ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் உல்ரிச் ட்ரூஸின் குழுவினர். மனித மெலனோமாச் செல்களைக் கோழிக் கருவின் நரம்புக் குழாய்க்குள் வைத்தார்கள். 2005-ல் முடிவை வெளியிட்டார்கள்: புற்றுச் செல்கள் குழாயைவிட்டு இறங்கி, நரம்பு முகட்டுச் செல்கள் போகும் தடத்திலேயே போயின.

அடுத்த வருடம் அமெரிக்காவின் கன்ஸாஸ் நகரில் ஸ்டோவர்ஸ் ஆய்வுக் கழகத்தின் பால் குலேசாவும் சிகாகோவின் மேரி ஹெண்ட்ரிக்ஸும் சேர்ந்து செய்ததில் பந்தயம் இன்னும் பெரிது. ஹெண்ட்ரிக்ஸிடம் இருந்தது சி8161 என்ற செல் வம்சம். ஒரு மனிதரின் உடம்பில் ஏற்கெனவே பரவிய மெலனோமாவிலிருந்து எடுத்தது. நிறமிச் செல்லின் அடையாளங்களைத் தொலைத்துவிட்ட, கறுப்பே இல்லாத, மிக மூர்க்கமான ரகம். அதற்குப் பச்சை ஒளி காட்டும் மரபணுவை ஏற்றி, குலேசாவின் குழு இளங்கோழிக் கருவின் நரம்புக் குழாயில் வைத்தது. எலிக்குள் விட்டால் உறுப்பு உறுப்பாகத் தின்று தீர்க்கும் செல். கருவோ யாரையும் எதிர்க்கத் தெரியாத பருவம். மர்ஃபியின் கணக்குப்படி கட்டி தழைக்க வேண்டும்.

தழைக்கவில்லை. பச்சைப் புள்ளிகள் குழாயைவிட்டு வெளியேறி, கருவின் சொந்த நரம்பு முகட்டுச் செல்களுக்கு நடுவே கலந்து நடந்தன. அவை போகும் தடங்களில் போயின. அவை ஒதுக்கும் பகுதிகளை இவையும் ஒதுக்கின. பின்னாளில் முகமும் கழுத்தும் ஆகும் திரட்சிகளில் போய்ச் சேர்ந்தன. எங்கேயும் கட்டி கட்டவில்லை. அவற்றில் சில, தாங்கள் எப்போதோ தொலைத்த நிறமிச் செல்லின் அடையாளப் புரதம் ஒன்றின் மரபணுவை மறுபடி இயக்கத் தொடங்கியிருந்தன.

எத்தனையோ வருடம் பிளாஸ்டிக் தட்டில் வளர்ந்த ஒரு மனிதப் புற்றுச் செல்லுக்கு, கோழியின் உடம்புக்குள், பறவைக்கும் பாலூட்டிக்கும் பொதுவான மூதாதை காலத்துத் தடம் தெரிந்திருக்கிறது.

இந்த இடத்தில் புற்றுநோயைக் கரு குணப்படுத்துகிறது என்று தலைப்புப் போட்டுவிடலாம். சில பத்திரிகைகளுக்கு அந்த ஆசை எப்போதும் உண்டு. டூபிங்கன்காரர்கள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. 2007-ல் அவர்கள் நம் பழைய சிநேகிதன் பி16-ஐ எடுத்து இரண்டு இடங்களில் வைத்தார்கள். நரம்புக் குழாயில் வைத்தவை சமர்த்தாகத் தடம் பிடித்து நடந்தன. கண் உருவாகும் கிண்ணத்துக்குள் வைத்தவை சுற்றியிருந்த திசுவை ஊடுருவிக் கட்டியாக வளர்ந்தன. செல் ஒன்றுதான், கருவும் கோழிக் கருதான்; வைத்த இடம் மட்டும் வேறு. கையில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அந்த வேறுபாடு இதுதான். கரு என்ற மொத்தத்தில் மந்திரம் எதுவும் இல்லை. கருவின் குறிப்பிட்ட ஒரு மூலையில், குறிப்பிட்ட ஒரு வயதில், புற்றுச் செல்லுக்குப் புரிகிற உத்தரவு ஏதோ ஒன்று இருக்கிறது.

என்ன உத்தரவு? அதைத் தேடிப் போன ஹெண்ட்ரிக்ஸுக்கு, கேட்டதற்கு நேர்மாறான பதில் கிடைத்தது. பதில் சொன்னது கோழியல்ல; ஒரு மீன்.

மீன்தொட்டிக் கடைகளில் ஸீப்ரா மீன் என்று விற்பார்கள், உடம்பில் நீலக் கோடு போட்ட விரல்நீள மீன். கங்கைச் சமவெளியின் ஓடைகளில் திரிந்தது, இன்று உலகத்தின் ஆய்வுக்கூடங்களில் திரிகிறது. அதன் முட்டைக்கு ஓட்டில் துளை போட வேண்டியதில்லை. தாய்க்கு வெளியே, கண்ணாடி மாதிரி தெளிவாக வளர்கிறது. மூன்று நாளில் குஞ்சு பொரிந்துவிடும். ஹெண்ட்ரிக்ஸின் குழு அதே சி8161 செல்களை, உடம்பு என்ற வடிவமே வராத, சில மணி நேரமே ஆன மீன் கருவுக்குள் வைத்தது. கருவின் உத்தரவுக்குப் புற்று எப்படிக் கீழ்ப்படிகிறது என்று பார்ப்பதற்காக.

சில கருக்களில் விபரீதமான ஒன்று நடந்தது. மீனுக்கு இரண்டாவதாக இன்னோர் உடல் அச்சு முளைக்கத் தொடங்கியது.

கருவியல் படித்த யாருக்கும் இந்தக் காட்சி முதுகில் சில்லென்று ஏறும். 1924-ல் ஜெர்மனியின் ஃப்ரைபர்கில் ஹான்ஸ் ஸ்பீமனும் அவர் மாணவி ஹில்ட மாங்கோல்டும் நீர்ப்பல்லிக் கருவின் ஒரு துண்டை வெட்டி இன்னொரு கருவின் வயிற்றுப் பக்கம் ஒட்டினார்கள். அந்த இடத்தில் ஒட்டிப்பிறந்த இரட்டை போல இரண்டாவது கரு உருவானது. சுற்றியிருக்கும் செல்களுக்கு நீ தலையாகு, நீ முதுகாகு என்று கட்டளையிடும் அதிகாரம் அந்தத் துண்டுக்கு இருந்தது. ஹில்ட அதே வருடம் ஒரு தீ விபத்தில் 25 வயதில் இறந்தார். ஸ்பீமனுக்கு 1935-ல் நோபல் பரிசு கிடைத்தது. கருவில் அந்தத் துண்டுக்கு மட்டுமே உரிய அதிகாரம் அது.

2006-ல் அதே அதிகாரத்தை ஒரு மனிதத் தோல் புற்றுச் செல் மீனிடம் செலுத்தியிருக்கிறது. மீன் கீழ்ப்படிந்திருக்கிறது. உத்தரவை வாங்கும் செல் என்று நினைத்து வைத்தது, உத்தரவு போடும் செல்லாக மாறி உட்கார்ந்திருந்தது.

புற்றுச் செல்லிலிருந்து வெளிப்பட்ட அந்தச் சமிக்ஞையைக் கண்டுபிடித்துவிட்டார்கள்: நோடல். கருவின் தொடக்க நாட்களில் உடம்புக்கு மேல்-கீழ், இடம்-வலம் வகுக்கும் புரதம். வேலை முடிந்ததும் பெரும்பாலான திசுக்களில் அடங்கிவிடும். வளர்ந்த மனிதரின் ஆரோக்கியமான தோலில் அதற்கு எந்த வேலையும் இல்லை. மூர்க்கமான மெலனோமாவில் அது மறுபடி பேச ஆரம்பித்திருந்தது.

ஆனால் கரு நோடலை ஒருபோதும் தனியாக விடுவதில்லை. அதை மூட்டும்போதே அணைப்பதற்கான ஒன்றையும் கூடவே தயாரித்துவிடும். இல்லாவிட்டால் கரு கருவாக இருக்காது. மெலனோமாவிடம் மூட்டுவது இருக்கிறது. அணைப்பது இருக்கிறதா?

ஹெண்ட்ரிக்ஸின் குழு இதற்குக் கோழியையும் மீனையும் விட்டுவிட்டு, இன்னும் வில்லங்கமான ஓரிடத்துக்குப் போனது. மனிதக் கருவின் ஸ்டெம் செல்களை ஒரு தட்டில், கூழ் போன்ற படுகையின் மேல் சில நாள் வளரவிட்டார்கள். பிறகு அந்தச் செல்கள் அத்தனையையும் ஒன்றுவிடாமல் அகற்றினார்கள். காலியான அந்தப் படுகையில் மெலனோமாவை விதைத்தார்கள்.

தட்டில் உத்தரவு போட யாரும் இல்லை. ஆனால் சில நாளில் மெலனோமா யாருக்கோ கீழ்ப்படியத் தொடங்கியது.

(தொடரும்)